ஸ்டெல்லா ஆள் எடுக்கிறாள்

தூத்துக்குடியில் என்னை முதலில் வரவேற்றது மூடிக் கிடந்த ஒரு ரயில்வே கேட். ரயில் எதுவும் கண்ணில் படவில்லை. எங்கள் ஆட்டோவுக்கு இடப்பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி, வலப்பக்கம் தண்ணீர் சொட்டச் சொட்ட ஐஸ் ஏற்றிய குட்டியானை வண்டி, முன்னால் பாட்டு அலறும் ஒரு கல்யாண வேன். ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டுச் சாவகாசமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"மலேசியாவுல இப்பிடி கேட்டு உண்டுமா?"

"இருக்கு அண்ணாச்சி. ரயில் வர்ற நேரத்துக்குத்தான் மூடுவாங்க."

"இங்கனயும் அப்பிடித்தான். ரயிலுதான் சொன்ன நேரத்துக்கு வராது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெனிஸ் சிரித்தார். என்னைப் பினாங்கிலிருந்து வரவழைத்தவர் அவர்தான். சரக்குக் கப்பலில் என்ஜின் ஃபிட்டர். அவருடைய கப்பல் பழுது பார்ப்பதற்காகப் பினாங்கில் நின்றிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெற்றோர் குழு நடத்தும் உணவுக்கடைக்கு வந்தார். என் மகன் கதிருக்கு இருபத்து நான்கு வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். அன்றைக்கு அவன் தன் உதவியாளரைக் கடையில் வைத்தே அதட்டிக்கொண்டிருந்தான். "இந்தப் பையன் அவருக்கு முதலாளியா?" என்று டெனிஸ் கேட்டார். "ஆமாம். கதிர்தான் அவரை வேலைக்கு எடுத்தான்" என்றேன். டெனிஸ் முதலில் சிரித்தார். பிறகு நாசி லெமாக் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, இது எப்படி நடக்கிறது என்று சாயங்காலம்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு தங்கை. ஸ்டெல்லா, வயது முப்பத்தொன்று. அவளும் கதிரைப் போன்றவள். அப்பா இல்லை, அவளை இதுவரை பார்த்துவந்தது அம்மா. அந்த அம்மா இந்த வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். டெனிஸ் வேறோர் ஊரில் கன்னியர் நடத்தும் இல்லத்தில் ஸ்டெல்லாவுக்கு இடம் கேட்டுவைத்திருந்தார். சனிக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கடுத்த திங்கட்கிழமை அவர் கப்பல் ஏற வேண்டும்.

"அக்கா, சனிக்கிழமைக்குள்ள அவளுக்கு ஏத்த ஆளு கெடச்சா, அவ வீட்டுலயே இருக்கட்டும். இல்லன்னா நான் கொண்டுபோய் விட்டுட்டுத்தான் கப்பலேறுவேன். அம்மாவ நம்பி விட்டுட்டுப் போக முடியாது."

கேட் திறந்தது. ஆட்டோ, ஐஸ் வண்டி, கல்யாணம் எல்லாம் ஒரே சமயத்தில் பாய்ந்தன. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. உதவி பெறுகிறவரே உதவியாளரைத் தேர்ந்தெடுக்கிற இந்த முறையைப் பினாங்கில் எங்கள் குழு ஆறேழு குடும்பங்களில் செய்து பார்த்திருக்கிறது. கடல் தாண்டி வந்து செய்வது இதுதான் முதல் தடவை.

வீடு கடற்கரைச் சாலைக்குப் பின்னால், மாதா கோவிலின் மணி கேட்கும் தூரத்தில் இருந்தது. அம்மா பிலோமி கட்டிலில் சாய்ந்தபடியே ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார். அவரைக் கவனிக்கக் காலையும் மாலையும் ஓர் உறவுக்காரப் பெண் வந்துபோகிறார். ஸ்டெல்லா வாசலில் நின்றிருந்தாள். குள்ளம், கட்டையாக வெட்டிய முடி, தோளில் குறுக்கே மாட்டிய பழுப்புநிறப் பை. என்னை நிதானமாகப் பார்த்துவிட்டு, "மலேசியா அக்கா" என்றாள். அந்த வாரம் முழுக்க என் பெயர் அதுதான்.

இரவு உணவுக்கு ஆப்பம், தேங்காய்ப்பால், மீன் குழம்பு. ஆப்பம் எங்கள் ஊரிலும் உண்டு. இவ்வளவு மெல்லிய ஓரம் அங்கே வராது. "ஸ்டெல்லாவுக்குப் பாலா, குழம்பா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டேன்.

"அவளுக்குப் பாலுதான்" என்றார் கட்டிலிலிருந்து அம்மா.

"குழம்பு காரம்" என்று சொல்லிக்கொண்டே டெனிஸ் அவள் தட்டில் பாலை ஊற்றினார். ஆப்பம் மிதந்தது. பேச்சு வேறு எங்கோ போனது. கொஞ்சம் கழித்து, பால் நிறைந்த தட்டைப் பார்த்து ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள்: "குழம்பு."

இதைத்தான் நான் அன்றைய குறிப்பில் முதலில் எழுதினேன். கேள்விக்கும் அவளுடைய பதிலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் அன்பான யாராவது ஒருவர் புகுந்து பதில் சொல்லிவிடுகிறார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் நான் கொண்டுவந்த முறைப்படி தொடங்கினேன். இல்லத்தின் படமும் வீட்டின் படமும் டெனிஸின் கைப்பேசியில் இருந்தன. மாதா கோவில் பக்கத்துக் கடையில் அவற்றை அச்செடுத்து மேசைமேல் வைத்தேன். "இது வீடு. இது இல்லம். ஸ்டெல்லாவுக்கு எங்கே இருக்கப் பிடிக்கும்?"

காத்திருந்தேன். அவள் இல்லத்தின் மேல் விரலை வைத்தாள்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டெனிஸ், "அப்ப நல்லதாப் போச்சு" என்றார். அவர் குரல் அப்படிச் சொல்லவில்லை. எனக்கோ ஆயிரத்துச் சொச்ச மைல் வந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

ஆனால் ஒரு தடவை கேட்டதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது எங்கள் குழுவின் விதி. சாப்பாட்டுக்குப் பிறகு அதே படங்களை இடம் மாற்றி வைத்து, இல்லத்தை முதலில் சொல்லி, வீட்டை இரண்டாவதாகச் சொன்னேன். அவள் வீட்டைத் தொட்டாள். டீயா காப்பியா என்றேன்: காப்பி. காப்பியா டீயா என்றேன்: டீ. கடைசியில் எதைச் சொல்கிறோமோ அதைத் தொடுகிறாள். படங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாயால் கேட்டோம். "இல்லத்துக்குப் போவோமா?" "சரி." "வீட்டுலயே இருப்போமா?" "சரி."

"அப்ப அவ சொல்லுத சரிக்கு மதிப்பே இல்லியா?" என்றார் டெனிஸ்.

"அது கேக்கிறவங்களைச் சந்தோஷப்படுத்துற சரி. அவளோட சரி இன்னும் வரலை."

அம்மா கட்டிலிலிருந்து முனகினார். "அவ ஒண்ணும் வேண்டாம்னு சொல்ல மாட்டா. அவ்வளவு நல்ல பிள்ளை."

சாயங்காலம் கதிரை வீடியோ அழைப்பில் பிடித்தேன். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் அலுத்துப்போகிறவன், ஸ்டெல்லாவைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒருவரை ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூவரும் பேசத் துடித்துக்கொண்டிருந்தோம்.

"உங்க வீட்டுக்கு ஆள் வருமா?" என்று கதிர் கேட்டான்.

"வரும்."

"கேள்வி நீ கேளு. அம்மாவ வெளிய போகச் சொல்லு. எங்கம்மாவையும் போகச் சொல்லு. ரொம்பப் பேசுவாங்க."

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிலோமி அம்மா கட்டில் குலுங்கச் சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு அம்மா அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்ததாக டெனிஸ் சொன்னார்.

மூன்று பேரை நேர்முகத்துக்கு அழைப்பதாக முடிவு. சாயர்புரத்திலிருந்து ஒரு டீச்சர். சிறப்புப் பள்ளியில் வேலை பார்த்தவர். விளாத்திகுளம் பக்கத்துப் பெண் ஒருத்தி. இங்கே இறால் கம்பெனியில் இருக்கிறாள், பங்குச் சாமியார் சொல்லி அனுப்பியவள். மூன்றாவது அம்மாவின் தேர்வு: புன்னைக்காயலில் இருக்கும் தங்கை மகள் லீமா. அவளுடைய போன் கிடைக்கவில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை நேரில் போய் அழைத்துவருவது என்று ஸ்டெல்லா, டெனிஸ், நான் மூவரும் பஸ் ஏறினோம்.

வழியெல்லாம் உப்பளம். பாத்திகளில் தேங்கிய நீரில் வானம் கிடந்தது. ஓரங்களில் ஓலை மூடிய உப்பு அம்பாரங்கள். நான் சன்னலை விட்டுத் தலையை உள்ளே எடுக்கவே இல்லை. அப்போது பஸ் ஒரு பக்கம் சாய்ந்து முனகி நின்றது. டயர் போய்விட்டது. மாற்று டயர் இருந்தது. பழையதைக் கழற்றுகிற சாவி இன்னொரு பஸ்ஸில் இருந்தது.

எல்லோரும் இறங்கி ஒரே ஒரு உடைமரத்தின் நிழலைப் பங்கு போட்டுக்கொண்டோம். காலிக் கூடைகளோடு வந்த இரண்டு மீன்காரப் பெண்கள் நடத்துநரை விடவில்லை.

"ஏலே, டயரு போச்சுன்னா டிக்கெட்டத் திருப்பிக் குடு."

"எக்கா, ஊருக்குப் பாதி தூரம் கொண்டாந்துட்டேன்லா?"

"அப்ப பாதியக் குடு."

"நீங்க பஸ்ஸத் தள்ளுங்க, முழுசாத் தாரேன்."

"ஏளா, இவன் பெண்டாட்டி இவன எப்பிடி வச்சுப் பொழைக்கா?" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்க, நடத்துநர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

பதநீர் விற்கிற ஒருவர் சைக்கிளில் வந்தார். "தங்கச்சி குடிக்குமா?" என்று டெனிஸிடம் கேட்டார். எதிரில் நிற்பது ஸ்டெல்லா, கேள்வி டெனிஸுக்கு. அவர் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பதநீர்க்காரர் காத்திருந்தார். வெயில் காத்திருந்தது. "குடிக்கும்" என்றாள் ஸ்டெல்லா. பினாங்கில் கடைக்காரர்கள் கதிரிடம் நேராகப் பேசப் பழகுவதற்கு எங்களுக்கு மூன்று வருடம் பிடித்தது. அதையும் சொல்ல வேண்டும்: இங்கே கேட்காமல் விட்டவர்கள்கூட அவளை உறுத்துப் பார்க்கவில்லை, விலகி நிற்கவில்லை. நிழலில் அவளுக்கும் இடம் விட்டார்கள்.

ஒருவழியாகச் சாவி வந்து, டயர் மாறி, புன்னைக்காயல் சேர்ந்தோம். அங்கே லீமா வலைகளுக்கு நடுவே எங்களைக் கண்டதும் ஓடிவந்து ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டாள். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். "வாரேன், வாரேன், நாளைக்கே வாரேன்" என்று சொல்லி, சோறும் கணவாய்ப் பொரியலும் போட்டுத்தான் அனுப்பினாள். தாமிரபரணி கடலோடு சேர்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பார்க்கவில்லை. ஆகவே அதைப் பற்றி எழுதவில்லை.

புதன்கிழமைதான் பெரிய நாள். கதிரின் கட்டளையை ஸ்டெல்லா மறக்கவில்லை. அம்மாவின் அறைக் கதவைச் சாத்தினாள். "அண்ணே, மாடி" என்றாள்; டெனிஸ் மொட்டை மாடிக்குப் போனார். என்னைக் கொஞ்சநேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, மூலையிலிருந்த நாற்காலியைக் காட்டினாள். அவள் கேட்க விரும்பிய மூன்று கேள்விகளுக்கு முந்தின நாள் இரவே மூன்று படங்கள் வரைந்து வைத்திருந்தோம்: ஒரு கடிகாரம், ஒரு கோபமான முகம், ஒரு மீன். மீனை மட்டும் அவளே வரைந்தாள். செவுள் சரியான இடத்தில் இருந்தது.

டீச்சர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பெயர் ஜெயராணி. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் சான்றிதழ்கள். வலிப்பு வந்தால் என்ன செய்வது, மருந்தை எப்படிப் பிரித்து வைப்பது, எல்லாம் அறிந்தவர். எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. ஸ்டெல்லா கோப முகத்தைத் தூக்கிக் காட்டி, "நான் கோவப்பட்டா?" என்று கேட்டாள்.

"ஸ்டெல்லா நல்ல பிள்ளைலா? கோவமே பட மாட்டா. சரியா?"

"சரி."

மீன் படம். "மீன் வாங்கத் தெரியுமா?"

"நீ எதுக்கும்மா வெயில்ல அலையணும்? டீச்சர் வாங்கிட்டு வந்து தாரேன். சரியா?"

"சரி."

அடுத்து லீமா. உள்ளே வந்ததுமே ஸ்டெல்லாவின் முடியைக் கோதிவிட்டு, முகத்தைத் துடைத்துவிட்டு, பையின் வாரைச் சரிசெய்தாள். கடிகாரப் படத்தைப் பார்த்ததும், கேள்வி வருவதற்குள் பதில் வந்தது. "எழுப்பி, பல்லு வெளக்கி, குளிப்பாட்டி, ஊட்டியும் விட்டுருதேன்ளா. நீ ராணி மாதிரி உக்காந்துக்கோ." மீன் படத்தைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தாள். "புன்னக்காயல்காரிகிட்ட கேக்குத கேள்வியாளா இது?" அவள் போன பிறகும் அவள் சிரிப்பு வீட்டில் இருந்தது. கேள்விகள்தான் கேட்கப்படவே இல்லை.

மூன்றாவது பெண் மாரீஸ்வரி. பஸ் மாறி ஏறித் துறைமுகம்வரை போய்த் திரும்பி வந்திருந்தாள். வயது இருபத்தாறு. ஐஸில் இறால் உரித்து உரித்து விரல்நுனிகள் வெளுத்திருந்தன. "அந்த ஐஸுல இருந்து தப்பிச்சாப் போதும்னு வந்தேன்" என்று, யாரும் கேட்காமலே உண்மையைச் சொன்னாள்.

ஸ்டெல்லா கடிகாரத்தைக் காட்டினாள். "காலையில எழுப்புவியா?"

"நீங்க எப்ப எந்திரிப்பீங்கக்கா?"

இடைவெளி. பதில் என் நாக்குநுனியில் நின்றது. நாலு நாள் வழக்கம் எனக்கே பாடமாகிவிட்டிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாரீஸ்வரி அவசரப்படவில்லை. மின்விசிறியைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள், மறுபடி ஸ்டெல்லாவைப் பார்த்தாள்.

"வெயிலு வந்ததும்."

"அப்ப நான் அதுக்கு முந்தி எந்திரிச்சிருவேன்."

"நான் கோவப்பட்டா?"

"நானும் கோவப்படுவேன்."

ஸ்டெல்லா சிரித்தாள். கணீரென்ற சிரிப்பு. மாடியிலிருந்து டெனிஸ் எட்டிப் பார்த்தார். நான் கையை ஆட்டித் தலையை இழுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"மீன் வாங்கத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. எங்க ஊரு கரிசக்காடு, கம்மாய் மீனுதான் தெரியும். இங்க வந்து இறாலு தெரியும். அதுவும் உரிக்கத்தான். தலையோட மொத்தமாக் கொட்டுனா எது எதுன்னு தெரியாது. நீங்க காட்டித் தருவீங்களா?"

ஸ்டெல்லா எழுந்தாள். கதவைத் திறந்தாள். மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள். "அண்ணே, வா. மாரி."

"டீச்சர் வேண்டாமா?" என்று இறங்கி வந்த டெனிஸ் கேட்டார்.

இதற்கும் ஓர் இடைவெளி. "வேண்டாம்."

"லீமா?"

"வேண்டாம்."

கடைசியில் கேட்டது லீமாவைத்தான். படங்களை வைத்தபோது கடைசியில் வந்ததையே தொட்டவள், இப்போது அதை மறுத்தாள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். என் விருப்பமும் டெனிஸின் விருப்பமும் ஜெயராணி டீச்சர்தான். அம்மாவின் விருப்பம் லீமா. எங்கள் மூவரில் ஒருவர் சொன்னதும் நடக்கவில்லை. இதைவிட நல்ல செய்தி எனக்கு வேறில்லை.

மாரீஸ்வரி ஒரு நிபந்தனை வைத்தாள். "எனக்கும் பிடிக்கணும்லா? ரெண்டு நாளு சும்மா வாரேன். பாத்துட்டுச் சொல்றேன்." ஸ்டெல்லாவின் முகம் வாடியது. தான் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருப்பது அவளுக்குப் புதிது. அதையும் அவள் பழக வேண்டியதுதான்.

வியாழக்கிழமை எனக்குக் கடைத்தெரு. பினாங்கில் எல்லோரும் முத்து வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். டெனிஸ் சிரித்தார். "முத்துக் குளிச்சு எம்புட்டு காலம் ஆச்சு அக்கா? இங்கன விக்கது வெளியூரு முத்து. வேணும்னா சங்கு வாங்குங்க, அது நம்ம கடலு." ஒரு வலம்புரியைப் போல இருந்த இடம்புரிச் சங்கும், ஒரு டப்பா மக்ரூன் இனிப்பும் வாங்கினேன். மக்ரூன் வாயில் வைத்ததும் நொறுங்கி மறைகிறது. ஊருக்குக் கொண்டுபோனால் உடையும் என்று கடைக்காரர் எச்சரித்தார். ஆகவே ஊருக்குக் கொண்டுபோகவில்லை.

அன்று மாலை ஸ்டெல்லாவும் மாரீஸ்வரியும் என்னைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். சரியாகச் சொன்னால், ஸ்டெல்லா எங்கள் இருவரையும் கூட்டிப் போனாள். எங்கள் ஊர் ரொட்டி சானாயை விரித்து வீசுவார்கள். இங்கே எண்ணெயில் மிதக்கவிட்டு எடுக்கிறார்கள். சப்ளையர், "பாப்பாவுக்குப் பிய்ச்சுப் போடவா?" என்று மாரீஸ்வரியிடம் கேட்டார். "அவங்களக் கேளுங்கண்ணே. நான் வேலைக்கு வந்தவ" என்றாள் அவள், வாய் நிறையப் பரோட்டாவோடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம், "எனக்குச் சரி" என்றாள்.

ஆனால் டெனிஸுக்கு இன்னும் சரியாகவில்லை. மாரீஸ்வரி டீச்சரைப் போலப் பயிற்சி பெற்றவள் இல்லை, கடற்கரை தெரியாதவள், அவர் கப்பலில் எங்கோ இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால்? கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் தனியா தெரேஸ்புரம் போய் மீன் வாங்கிட்டு வரட்டும். ஒழுங்கா வந்துட்டா, இல்லத்துக்குப் போன் போட்டு இடம் வேண்டாம்னு சொல்லிருதேன்."

தெரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகள் கரையேறும். அங்கே மீனைக் குவியல் குவியலாகக் கொட்டி ஏலம் விடுவார்கள். அம்மாவோடு ஸ்டெல்லா எத்தனையோ தடவை போயிருக்கிறாள், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

சனிக்கிழமை காலை அவர்கள் கிளம்பியதும் டெனிஸ் செருப்பைத் தேடினார். பின்னாலேயே போகத்தான். "நீங்க போனா அது தனியாப் போனதா ஆகாது" என்றேன். வாசலுக்கும் சாலைக்குமாக நடந்தார். இட்லி ஆறியது. அம்மா ஜெபமாலையை எடுத்தார். வெயில் வாசற்படியை விட்டு முற்றத்துக்குப் போனது. அவர்கள் வரவில்லை.

பிறகு ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். பின்னிருக்கையில் ஸ்டெல்லாவும் மாரீஸ்வரியும் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கீழே, ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி நிறையச் சாளை மீன். வெள்ளி மின்னுகிறது, ஆட்டோவிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது.

"அண்ணாச்சி, இந்த வண்டியில இனி மாப்பிள்ளை பொண்ணு ஏறுமா?" என்று ஓட்டுநர் டெனிஸிடம் முறையிட்டார்.

"என்னளா இது? வீட்டுக்குக் குழம்பு வைக்க மீன் வாங்கப் போய்... இது ஊருக்கே காணும்!"

மாரீஸ்வரி மூச்சுவிடாமல் சொன்னாள். "அண்ணே, நாங்க சும்மா பாத்துக்கிட்டுத்தான் நின்னோம். அக்கா எனக்கு ஒவ்வொண்ணாப் பேரு சொல்லித் தந்துச்சு. ஏலக்காரரு சாளையக் கொட்டி வெல கூறுனாரு. கூறிக்கிட்டே வந்து, அக்காவப் பாத்து 'வச்சுக்கிடுதியா பிலோமி மவளே?'ன்னாரு. அக்கா தலைய ஆட்டி சரின்னுச்சு. அவ்வளவுதான், 'பிலோமி மவளுக்கு'ன்னு முடிச்சிட்டாரு. அங்க தலைய ஆட்டுனா வாங்குனதாம்ல? எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தப்பு நடந்து போச்சு, எடுத்துக்கிடுங்கன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன்ணே. அவரும் நல்ல மனுசன். 'தெரியாம ஆட்டிட்டியா மவளே? வேண்டாம்னா சொல்லு, அடுத்த ஆளுக்கு விட்டுருதேன்'னு அக்காகிட்டயே கேட்டாரு. மொத்தக் கூட்டமும் அப்பிடியே நின்னு அக்கா வாயப் பாத்துச்சு. அக்கா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. பெறகு 'இல்ல, என்னோடது'ன்னுச்சு. பையத் தொறந்து காசக் குடுத்திருச்சு."

"நீ தடுக்கலியா?"

"இவ்வளவு வேண்டாம்க்கான்னு சொன்னேன். கேக்கல. வாங்குனது அவங்க. நான் தொட்டியத் தூக்குனேன்."

டெனிஸ் முகம் சிவந்தது. "இதுக்குத்தான் சொன்னேன், அக்கா. இன்னைக்குச் சாளை. நாளைக்கு எவனாவது என்னத்தையாவது நீட்டி சரியான்னு கேப்பான். இவளும் தலைய ஆட்டுவா. நான் கடலுக்கு நடுவுல இருந்து என்ன செய்ய?" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். "டெம்போ சொல்லுதேன். திங்கக்கிழமைக்கு முந்தி கொண்டு விட்டுருவோம்."

அவர் பயம் பொய்யில்லை. கதிரைப் பற்றி எனக்கும் அதே பயம் உண்டு. ஸ்டெல்லா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. தொட்டியை ஒரு பக்கம் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே டெனிசு."

பிலோமி அம்மா நடப்பதற்கு ஊன்றும் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து நின்றார். தொட்டியைப் பார்த்தார். குனிய முடியாது, மாரீஸ்வரியிடம் ஒரு மீனை எடுத்துத் தரச் சொல்லி, செவுளைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல மீனு. பச்சை மீனு. குறை சொல்ல ஒண்ணும் இல்ல."

"அம்மா, மீனு நல்லா இருக்கா இல்லியாங்கது இல்ல பேச்சு..."

"பொறுலே. போன தடவை லீவுல வந்தப்ப ஒரு செகண்ட் ஹேண்ட் காரு வாங்கிட்டு வந்தியே. வெள்ளைக் காரு. வாங்காத வாங்காதன்னு தெருவே சொல்லிச்சு. நீ தலைய ஆட்டிட்டு ஓட்டிட்டு வந்த. பாளையங்கோட்டை தாண்டல, புகைஞ்சுபோய் நின்னுச்சு. கயிறு கட்டி இழுத்துட்டு வந்து இங்கனதான நிறுத்துன?"

டெனிஸ் அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"உன்னிய எந்த இல்லத்துல கொண்டு விட்டேன் நான்?"

ஆட்டோ ஓட்டுநர்தான் முதலில் சிரித்தார். பிறகு மாரீஸ்வரி, பயந்துகொண்டே. டெனிஸ் கைப்பேசியைத் தாழ்த்தினார். ஏழு நாளாக மகளுக்குப் பதிலாக எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்ன அம்மா, அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கைப்பேசி ஒலித்தது. இல்லத்துச் சிஸ்டர். கனிவான குரல், வெளியிலும் கேட்டது: அறை தயாராக இருக்கிறது, ஸ்டெல்லா என்றைக்கு வருகிறாள்?

டெனிஸ் அம்மாவைப் பார்த்தார். அம்மா தாடையால் முற்றத்தைக் காட்டினார். அவர் போய் ஸ்டெல்லாவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவள் அரிவாள்மணையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டிருந்தாள். இரண்டு கையிலும் செதில். கைப்பேசியை அவள் காதருகே பிடித்தார்.

"சிஸ்டர் கேக்காங்க. அங்க என்னைக்கு வாரன்னு."

அவள் கையிலிருந்த சாளையை முடித்துச் சட்டியில் போட்டாள். மறுமுனையில் சிஸ்டர், "ஹலோ? ஹலோ?" என்றார். டெனிஸ் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் யாரும் திறக்கவில்லை.

"வரல" என்றாள் ஸ்டெல்லா. "எனக்கு வேலை கெடக்கு. சாளை அறுக்கணும்."

"அப்படியா கண்ணு? அப்ப எப்ப வருவ?"

"வரல சிஸ்டர்."

தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கைப்பேசியைத் தள்ளினாள். டெனிஸ் அதைத் தன் காதில் வைத்தார். "ஆமா சிஸ்டர். அவதான் பேசுனா. ஆமா, அதுதான் முடிவு. வேற யாருக்காவது குடுத்துருங்க." சொல்லி முடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை. கைப்பேசியின் கண்ணாடியில் இரண்டு செதில்கள் ஒட்டியிருந்தன. அவற்றைத் துடைக்கவும் இல்லை.

ஸ்டெல்லா தொட்டியைப் பார்த்தாள், எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள்.

"மாரி, சட்டி பத்தாது. மலேசியா அக்கா, தண்ணி. அண்ணே, சும்மா இருக்கியே. குசினில இன்னொரு அரிவாமணை இருக்கு, எடுத்துட்டு வா."

டெனிஸ் எழுந்து உள்ளே போனார்.